இரண்டு வீட்டுக்கு ஒரு ஹான்ஸ்

நிலானி போன கிழமை தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். நான் ஓய்வுபெற்று வந்த அதே ஆவணக் காப்பகத்தில், அதே வாசிப்பறையில்தான் அவள் இப்போது வேலை செய்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை. படித்துப் பட்டம் பெற்று முன்வாசலால் வந்தவள். நான் வந்தது துடைப்பத்தோடு பின்வாசலால். அப்படியிருந்தும் ஏதாவது சந்தேகம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

“அன்ரி, ஒரு கனடாக்காரர் வந்து நிக்கிறார். தன்ர பரம்பரை இருந்த பழைய பண்ணையைக் கண்டுபிடிச்சிட்டாராம். அங்க இப்ப இருக்கிற ஆக்களோட கதைக்கிறதுக்கு என்னையும் வரச்சொல்லிக் கேக்கிறார். சனிக்கிழமைதானே, போகட்டோ?”

“ஓம் எண்டும் சொல்ல ஏலாமக் கிடக்கு, வேண்டாம் எண்டும் சொல்ல ஏலாமக் கிடக்கு. எழுதி அனுப்புறன். வாசிச்சுப்போட்டு நீயே முடிவெடு” என்றேன்.

“போகட்டோ எண்டு கேட்டதுக்கு ஒரு கட்டுரையோ!” என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். இப்போது பழைய கையெழுத்தை இயந்திரமே வாசித்துக் கொடுக்கிறது. ஆட்கள் தங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே முப்பாட்டனைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு துக்கமும் இல்லை, நான் தின்ற தூசி போதும். ஆனால் கண்டுபிடித்ததைக் கொண்டுபோய் யாருடைய கதவைத் தட்டுவது என்ற கேள்வி இயந்திரம் வந்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒருநாள் நான் மிகச் சுலபமாகப் பதில் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை என்னை விட்டு இன்னும் போகவில்லை.

மன்னாரில் இருந்து அகதியாக வந்து, சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊரில் குடியேறினேன். தொழிற்சாலை, உணவகக் குசினி, பிறகு மாலையில் காப்பகத்தைத் துப்புரவாக்கும் வேலை. கீழ்த்தளக் களஞ்சியத்தில் பெட்டி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது, எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று தூசி தட்டித் தட்டியே எனக்குத் தெரிந்திருந்ததால் என்னைக் கேட்டார்கள். சில வருடங்களில் வாசிப்பறைக்கு ஏறினேன். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். முதல் மாதம் எல்லா எழுத்தும் எனக்குத் தென்னோலை வேலி போலத்தான் தெரிந்தன. பிறகு பழகிவிட்டது.

வாசிப்பறைக்குப் பொறுப்பானவர் ஹெர் ஏகர். மெலிந்த மனிதர். கோடையிலும் கம்பளிச் சட்டைதான். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். நான் பிழை விட்டால் “சுவாரசியம்” என்பார். அந்தச் சொல்லைக் கேட்டதும், செய்ததை முதலில் இருந்து திரும்பப் பார்ப்பேன். அவரும் மற்றவர்களும் கதைத்தது ஜெர்மனில்தான், ஆனால் என் மண்டைக்குள் அவையெல்லாம் எங்கள் தமிழாகத்தான் கிடக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

பெட்டியைச் சுற்றிய நாடாவை எவ்வளவு சிக்கினாலும் அவிழ்க்க வேண்டும், வெட்டக்கூடாது. மேசையில் பேனை வைக்கக்கூடாது, பென்சில் மட்டும். புத்தகத்தை மெத்தைக்கட்டையில் சாய்த்து, முதுகு முறியாத அளவுக்குத்தான் விரிக்க வேண்டும். படங்களில் வருவதுபோல வெள்ளைக் கையுறை போடுவதில்லை. கையுறைக்குள் இருக்கும் விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழித்துவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்த வெறுங்கைதான் நல்லது. இவற்றை எல்லாம் ஏகர் ஒருதடவைதான் சொல்லித்தந்தார். அடிக்கடி சொன்னது ஒன்றே ஒன்று: “நாங்கள் பெட்டியைக் குடுப்பம். கதையைக் குடுக்கமாட்டம். கதையை அவை தாங்களே எடுக்கட்டும்.”

எங்களிடம் வந்த அமெரிக்கர்களில் பாதிப்பேர் டொய்ஃபர்களின் வம்சம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருந்த சனம் அவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம், ஆயுதம் தூக்க மாட்டோம், சத்தியம் செய்ய மாட்டோம் என்றார்கள். அரசாங்கம் பிடித்து அடைத்தது, நிலத்தைப் பறித்தது, நாட்டைவிட்டுத் துரத்தியது. நான் முதன்முதல் இப்படி ஒருவரைத் தேடியபோது ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மன்னார்க் கத்தோலிக்கருக்கு மனிதன் தொடங்குவதே அந்தப் புத்தகத்தில்தான்.

“சுவாரசியம்” என்றார் ஏகர். “ஞானஸ்நானம் வேண்டாம் எண்டு நாட்டைவிட்டே போன சனத்தை நீங்கள் ஞானஸ்நானப் புத்தகத்தில தேடுறீங்கள். பேச்சு வாங்கின புத்தகத்தில தேடுங்கோ.”

பேச்சு வாங்கின புத்தகம் என்பது ஊர் ஒழுக்க நீதிமன்றத்தின் பதிவு. போதகரும் ஊர்ப் பெரியவர்களும் இருந்து, யார் கோயிலுக்கு வரவில்லை, யார் குடித்தான், யார் மனைவியை அடித்தான் என்று விசாரித்து எழுதிவைத்தவை. ஒரு கிராமத்தின் வம்பு முழுவதும் அதற்குள் இருக்கும். எனக்கு அந்தப் புத்தகங்களில் ஒரு தனி ஆசை வந்துவிட்டது.

ரூத் வந்தது அந்த ஆசை முற்றியிருந்த காலத்தில். பென்சில்வேனியாவில் இருந்து வந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எண்பதை நெருங்கிய வயது. அவர் ஒரு குவேக்கர். தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொள்ளும் சபை அது. அவர்கள் பூசை இல்லாமல், பாட்டு இல்லாமல், சும்மா மௌனமாக இருந்து ஜெபிப்பவர்கள். ஆளுக்கு ஆள் உயர்வு தாழ்வு இல்லை என்பதால் பெயருக்கு முன்னால் திரு, திருமதி போன்ற பட்டம் வேண்டாம் என்பார்கள். “ஃபிரவ் எண்டு சொல்லாதேங்கோ, ரூத் எண்டு கூப்பிடுங்கோ” என்று ஏகரிடம் சொன்னபோது அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருடம் கூட வேலை செய்த என்னையே அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கும் தாய் வயதுப் பெண்ணை வெறும் பெயரால் அழைக்க நா எழவில்லை. ரூத் அம்மா என்றேன். அது பட்டம் இல்லையோ என்று அவர் கேட்க, இல்லை, அது உறவு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அவர் தேடி வந்தது ஹான்ஸ் என்ற முப்பாட்டனை. இங்கிருந்து ஓடிய டொய்ஃபர். பென்சில்வேனியாவில் முதல் காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். அங்கே போய்க் குவேக்கர்களோடு சேர்ந்தார். அவர் சத்தியம் செய்ய மறுத்ததற்குக் காரணம், ஒருநாளும் பொய் சொல்லாதவனுக்குச் சத்தியம் எதற்கு என்பதுதான் என்று ரூத்தின் தகப்பன் சொல்லிக்கொடுத்திருந்தார். வருடாவருடம் அவர் வழிவந்தவர்கள் கூடுவார்களாம், அப்போது யாராவது ஒருவர் எழுந்து அந்த மனிதரைப் பற்றிக் கதைப்பாராம். அடுத்த முறை ரூத்தின் முறை. பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்றுதான் அந்த வயதில் விமானம் ஏறி வந்திருந்தார்.

அவர் கையில் சபையின் பழைய பதிவு ஒன்றின் பிரதி இருந்தது. குவேக்கர்களிடம் ஒரு வழக்கம்: ஒருவர் கலியாணம் செய்வதென்றால் சபை இரண்டு பேரை நியமித்து, அவருக்கு வேறு கட்டுப்பாடு உண்டா என்று விசாரிக்கும். ஹான்ஸையும் விசாரித்திருக்கிறார்கள். ஊரில் மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். ‘நண்பர்கள்’ யாரிடமும் சத்தியம் கேட்பதில்லை. சொன்ன வார்த்தையை ஏற்றுக்கொண்டு கட்டிவைத்திருக்கிறார்கள். ரூத் அந்த இரண்டாம் கலியாணத்தின் வழி.

பண்ணையின் பெயரும் கிராமமும் அவருக்குத் தெரிந்திருந்ததால், பேச்சு வாங்கின புத்தகத்தில் ஹான்ஸின் முதல் மனைவி பார்பராவைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அவளை வருடாவருடம் கூப்பிட்டு ஒரே கேள்விதான். உன் புருஷன் எங்கே? தெரியாது என்கிறாள். அடுத்த வருடமும் தெரியாது. அதற்கடுத்த முறை வந்து நின்று, அவர் ஆரே ஆற்றில் விழுந்து இறந்துபோனார் என்கிறாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டார்கள். பண்ணை மூத்த மகன் பெயருக்குப் போகிறது.

இதை நான் வாசித்துச் சொன்னதும் ரூத்தின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப இவர் எங்கட ஆள் இல்லை. ஆத்தில போனவர் எப்பிடி அமெரிக்காவுக்கு வந்தவர்? பிழையான ஹான்ஸைப் பிடிச்சிட்டம்” என்று பெட்டியை மூடப்போனார்.

நான்தான் மறித்தேன்.

எங்கள் வீட்டு வாசலிலும் ஒருகாலம் இந்தக் கேள்வி வந்தது. ஆமிக்காரர் வந்து, மூத்த மகன் எங்கே என்று அம்மாவைக் கேட்டார்கள். முதல்முறை தெரியாது என்றார். இரண்டாம் முறை தெரியாது என்றார். மூன்றாம் முறை வந்தபோது, இராமேஸ்வரத்துக்குப் போன வள்ளம் கவிழ்ந்து கடலில் போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் அப்போது ஜெர்மனியில் ஒரு பிட்சாக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். தெரியாது என்றால் திரும்பத் திரும்ப வருவார்கள். செத்துவிட்டான் என்றால் வரமாட்டார்கள். பார்பராவின் பதிலை வாசித்தபோது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. ஓடிப்போன டொய்ஃபரின் நிலத்தை அரசாங்கம் எடுக்கும், ஆற்றில் போனவனின் நிலம் பிள்ளைகளுக்குச் சேரும்.

“ரூத் அம்மா, இது பொய். இவ வேணுமெண்டு சொல்லுற பொய்” என்றேன்.

ஏகர் தன் மேசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். பென்சிலை எடுத்தார். ஆனால் சீவவில்லை. மற்ற நாள் அவரே களஞ்சியத்துக்கு இறங்கி, அந்த வருடத்து அடக்கப் பதிவைப் பார்த்தார். ஆற்றில் எடுத்த ஒவ்வொரு பிணத்தையும் எழுதியிருந்த போதகர் ஹான்ஸைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வேறொரு புத்தகத்தில், பிடிபட்ட அயல்வீட்டுக்காரன் ஒருவன் ஹான்ஸ் ரைன் நதி வழியாக அமெரிக்கா போகும் கூட்டத்தோடு போனான் என்று சொல்லியிருந்தான். பார்பரா அடக்கம் செய்யப்பட்டது அதற்கும் பல வருடங்களுக்குப் பிறகு. அங்கே ஹான்ஸுக்குக் கலியாணம் நடந்தபோது அவள் இங்கே உயிரோடு மாடு கறந்துகொண்டிருந்தாள்.

அவன் அங்கே அவளைச் சாகடித்திருக்கிறான். அவள் இங்கே அவனைச் சாகடித்திருக்கிறாள். பேசிவைத்துச் செய்தார்களோ, தனித்தனியே செய்தார்களோ, எந்தப் பெட்டியிலும் இல்லை.

அந்தப் பிற்பகல் எனக்கு என்ன சந்தோஷம்! முன்னூறு வருடம் ஒருவருக்கும் தெரியாததை என் அம்மாவைக்கொண்டு நான் கண்டுபிடித்தேன் என்று ரயில் முழுக்க நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வந்தேன். ரூத் அதை எப்படித் தாங்கினார் என்று அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை. பொய் சொல்லாத முப்பாட்டனுக்காக வந்தவரிடம் நான் கொடுத்தது, உயிரோடிருந்த மனைவியைச் செத்தவள் என்று சொன்ன மனிதனை.

மறுநாள் வந்து என் முன்னால் இருந்தார். கண் வீங்கியிருந்தது.

“பார்பராவின்ர பிள்ளையளின்ர வழியில இன்னும் ஆர் இருக்கினம்?”

பண்ணை அதே பெயரோடு அதே குடும்பத்திடம் இருந்தது. நடைபயண வரைபடத்தில்கூட இருந்தது. ரூத் விடுதிக்காரரைக்கொண்டு தொலைபேசி எடுத்து, அமெரிக்காவில் இருந்து தூரத்து உறவு வருகிறது என்று சொல்லிவைத்துவிட்டார்.

“நான் போய் அவையிட்ட உண்மையைச் சொல்லவேணும். எங்கட ஆள் அந்த மனிசிக்குச் செய்ததுக்கு மன்னிப்புக் கேக்கவேணும். அவை முன்னூறு வருசமா ஒரு பொய்க்குள்ள இருக்கினம். எனக்குத் தெரிஞ்ச பிறகு சும்மா இருந்தால் அந்தப் பொய் என்ர பொய். நீங்கள் வந்து கதைச்சுத் தருவீங்களோ?”

நான் ஏகரைக் கேட்டேன். அவர் தடுக்கவில்லை. சனிக்கிழமை நீங்கள் காப்பகத்தின் ஆள் இல்லை, உங்கள் விருப்பம் என்றார். பிறகு, கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்: “அவைக்கு அந்த ஹான்ஸைப் பற்றி என்ன கதை இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. ஆனால் உண்மையைத் தெரிஞ்சுகொள்ளுறது நல்லதுதானே?”

“சுவாரசியம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. இந்த மனிதருக்குப் பெட்டிதான் பெரிது, மனிதர் பெரிதில்லை என்று நினைத்தேன். எவ்வளவு தலைகீழாக நினைத்திருக்கிறேன்.

பண்ணைக்காரரின் பெயர் வால்டர். ரூத்தின் வயதுதான் இருக்கும். எங்களுக்காக வெள்ளைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். மருமகள் அப்பிள் கேக் சுட்டு வைத்திருந்தாள். ஒரு வெள்ளைக்காரியும் ஒரு தமிழச்சியும் வந்து இறங்கியதைப் பார்த்து, “ரெண்டு பேரும் சொந்தமோ?” என்று பகிடி விட்டார். மாட்டுக் கொட்டிலைக் காட்டினார். நிலைக்கு மேல் இருந்த பழைய உத்திரத்தைத் தொட்டுக் காட்டி, அது பார்பரா காலத்துக் கட்டை என்றார். பார்பராவின் பெயரை அவர் தானாகச் சொன்னதும் ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பி ஊற்றியபடி வால்டரே தொடங்கினார். “எங்கட முதல் ஆள் ஹான்ஸ், அவளின்ர புருசன். ஆரே பெருகின நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ரெண்டு வெள்ளத்தில அம்பிட்டிட்டுதுகள். இவர்தான் குதிச்சவர். பிள்ளையளைக் கரையில விட்டிட்டுத் தான் போயிட்டார்.”

பார்பரா சொன்னது ஒற்றை வரி. அவர் ஆரேயில் விழுந்து இறந்துபோனார், அவ்வளவுதான். வெள்ளமும் பிள்ளைகளும் இந்த மேசையைச் சுற்றி முன்னூறு வருடத்தில் சேர்ந்தவை. இரண்டு வீட்டில் அந்த ஒரு மனிதன் நல்லவனாக வாழ்ந்திருக்கிறான். அங்கே பொய் சொல்லாதவனாக, இங்கே பிள்ளைகளைக் காப்பாற்றியவனாக.

அந்த இடத்திலேயே ரூத்தைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். கேக் நல்லாயிருந்தது, நன்றி என்று சொல்லி வந்திருக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கப் போனவளுக்கு அப்படி ஓர் உரிமை உண்டா? வால்டர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ரூத் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு வசனமாக, எனக்கு இடம் விட்டு விட்டுச் சொன்னார். ஹான்ஸ் ஆற்றில் போகவில்லை. அமெரிக்காவுக்கு வந்தார். பார்பரா இறந்துவிட்டாள் என்று சொல்லி இன்னொரு கலியாணம் செய்தார். எட்டுப் பிள்ளைகள். நான் அதில் ஒருவரின் வழி. உங்கள் பார்பராவிடம் கேட்க முடியாத மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன்.

நான் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேலையில் பழகிய பழக்கம். வால்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டாள்.

சொல்லி முடித்ததும் ரூத் இரண்டு கையையும் மடியில் வைத்துக் கண்ணை மூடினார். அது அவர்களுடைய ஜெபம். வால்டருக்கு அது விளங்கவில்லை.

“அவவுக்குச் சுகமில்லையோ?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்லை. ஜெபிக்கிறா.”

வால்டர் தலையாட்டினார். மருமகள் எழுந்து வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று, தோளில் கையை வைத்தாள். அவர் என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கதைத்தார்.

“எங்கட மூத்தவனுக்கும் ஹான்ஸ் எண்டுதான் பேர். பத்தொன்பது வயசு. சிநேகிதரோட ஆரேயில குளிக்கப் போனவன். ஒருத்தன் இழுபட்டுப் போக, இவன் பிடிக்கப் போனவன். மற்றப் பெடியன் கரைக்கு வந்திட்டான்.” நிறுத்தி, வாயைத் துடைத்தார். “செத்தவீட்டில போதகர் தொடங்கி எல்லாரும் அதைத்தான் சொன்னவை. அந்த வீட்டு ரத்தம், முதல் ஹான்ஸும் இப்பிடித்தான் போனவர் எண்டு. என்ர மனிசி சாகுமட்டும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் நித்திரை கொண்டவ.”

நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

வால்டர் கேக் தட்டை ரூத்தின் பக்கமாகத் தள்ளி வைத்தார். கோபமில்லை. அவருடைய குரலில் எங்கள் மேல் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

“அப்ப, ஆத்தில போனது எங்கட பெடியன் மட்டும்தான்.”

ரூத் கண்ணைத் திறந்தார். “அவர் என்ன சொல்றார்?” என்று என்னைக் கேட்டார்.

அதையும் சொன்னேன்.